28 குச்சிகள் ஏன் பட்டுப்போயின? ஒரு காகிதப்பூச் செடியின் நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு காகிதப்பூ நின்றது. செடி என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, அடித்தண்டு பருத்து முறுக்கேறி அது மரமாகவே ஆகியிருந்தது. அப்பா வைத்தது. ஒரே கிளையில் வெள்ளையும் அடர் ரோஸும் கலந்து பூக்கும். சில கொத்துகளில் ஒரு பூ வெள்ளை, பக்கத்துப் பூ ரோஸ். சிலவற்றில் ஒரே இதழில் பாதிக்குப் பாதி. இதழ் என்று நாம் சொல்வது உண்மையில் பூவடிச்செதில். நிறம் பிடித்த இலை. அதற்கு நடுவில் மெல்லிய குழாய் போல நிற்கும் மூன்று சிறு வெண்பூக்கள்தாம் நிஜப் பூ. ஆனாலும் வசதிக்காக இந்தக் கட்டுரை முழுக்கப் பூ என்றே சொல்கிறேன்.

சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விரிசல் விட்டிருந்தது. அடித்தளத்தோடு தோண்டிப் புதிதாகக் கட்டினால்தான் நிற்கும் என்று ஆனது. செடியின் பெருவேர் எல்லாம் அந்த அடித்தளத்துக்குள்தான் ஓடியிருந்தது. வேலை தொடங்க ஆறு மாதம் இருந்தது. அதற்குள் அதே இரு நிறத்தோடு பூக்கும் பத்துச் செடிகளாவது கையில் இருக்க வேண்டும் என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம்.

மூன்று முயற்சிகள் செய்தோம். முதலாவது படுதோல்வி. ஆனால் அடுத்த இரண்டில் செய்த ஒவ்வொரு மாற்றமும் அந்தத் தோல்வியைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து வந்தது. அதனால் அதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதல் முயற்சி

ஒரு விடுமுறை நாளில் 30 குச்சிகள் வெட்டினோம். செடி அப்போது பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. இரு நிறமும் நிச்சயம் வர வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் பூவுள்ள கிளைகளையே தேர்ந்தெடுத்தோம். சரியான யோசனை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. பென்சிலைவிடச் சற்றுப் பருத்ததிலிருந்து அதில் பாதிவரை எல்லா அளவும் இருந்தன. 20 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, இலையைக் கிள்ளிவிட்டு, மூன்று அகலமான மண்தொட்டிகளில் பத்துப் பத்தாக நட்டோம். காலை பதினோரு மணிக்கு வெட்டத் தொடங்கி, நட்டு முடிக்கும்போது மாலை. அதுவரை குச்சிகள் கூடையில் வெயிலில் கிடந்தன.

தொட்டியில் போட்டது தோட்டத்து மண்ணும் பாதி மக்கிய தொழுவுரமும். அலமாரியில் நெடுநாளாகக் கிடந்த வேரூக்கித் தூளில் அடிப்பகுதியைத் தொட்டுத்தொட்டு நட்டோம். தினமும் காலையும் மாலையும் தண்ணீர்.

12ஆம் நாள் முதல் துளிர் தெரிந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன்: 30இல் 22 துளிர்த்திருந்தன. தம்பிக்குத் தாங்காத மகிழ்ச்சி.

“அக்கா, துளிர் விட்டாச்சு. இனிமே பயமே இல்லை. தனித்தனித் தொட்டிக்கு மாத்திடலாமா?”

“இன்னும் ஒரு மாசம் போகட்டும்டா” என்றேன். பொறுக்கச் சொன்னேனே தவிர, மனதுக்குள் நானும் பிழைத்துவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

ஐந்தாம் வாரம் துளிர்கள் தலை தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினோம். மறுநாள் இன்னும் தொங்கின. எட்டாம் வாரம் முடிந்தபோது உயிரோடு இருந்தவை 2.

பட்டுப்போனவற்றைப் பிரித்துப் பார்த்தது

28 குச்சிகளையும் பிடுங்கி, கழுவி, பழைய செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தோம். இதைச் செய்யாமல் குப்பையில் கொட்டியிருந்தால் இரண்டாம் முறையும் இதேதான் நடந்திருக்கும். ஒரே சாவு என்று நாங்கள் நினைத்திருந்தது, பார்க்கப் பார்க்க நான்கு விதமாகப் பிரிந்தது.

11 குச்சிகளில் அடிப்பகுதி கறுத்து, பட்டை கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. முகர்ந்தால் சாக்கடை வாடை. இது அழுகல். வெட்டுவாய் ஒரு திறந்த புண்; அதைச் சுற்றிக் காற்றே புகாத ஈர மண்ணும், இன்னும் மக்கிக்கொண்டிருக்கும் எருவும். வேர் உருவாக உயிரணுக்கள் வேகமாகப் பிளக்க வேண்டும், அதற்குத் தண்ணீரைவிட ஆக்சிஜன்தான் அவசரத் தேவை. நாங்கள் தினம் இருவேளை ஊற்றிக் காற்று இருந்த இடத்தையெல்லாம் நீரால் அடைத்துவிட்டோம்.

6 குச்சிகள் நுனியிலிருந்து சுருங்கி, உள்ளே தக்கை போல உலர்ந்திருந்தன. எல்லாமே மெல்லியவை. வெயிலில் கூடையில் கிடந்த நேரத்திலேயே இவற்றின் கதை முடிந்திருக்கும்.

4 குச்சிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அவை தலைகீழாக நடப்பட்டிருந்தன. நீளமான கிளையைத் துண்டு துண்டாக நறுக்கிக் குவித்து வைத்தால், இலையில்லாத குச்சியில் எது மேல், எது கீழ் என்று தெரிவதில்லை. காகிதப்பூவில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. முள் எப்போதும் இலைக்கக்கத்திலிருந்து வரும். ஆகவே இலை விழுந்த தழும்பு முள்ளுக்குக் கீழே இருந்தால் குச்சி நேராக இருக்கிறது. ஒரு தண்டுக்கு எது கால், எது தலை என்பதை மண் முடிவு செய்வதில்லை, தண்டே நினைவில் வைத்திருக்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபோக்டிங் 1878இல் வெளிவந்த தன் நூலில் இதைக் காட்டினார். வில்லோ மரத் துண்டுகளை ஈரக்காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டபோதும், அவை மரத்தில் இருந்தபோது எது அடிப்பக்கமோ அங்கேதான் அதிகமாக வேர்விட்டன. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டில் நுனியிலிருந்து அடியை நோக்கி ஒருவழியாகவே கடத்தப்படுகிறது. திருப்பி நட்டாலும் அந்தப் பாதை திரும்புவதில்லை.

மீதி 7. இவற்றைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். அழுகல் இல்லை, உலர்வும் இல்லை. அடியில் வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையும் பழுப்புமாகப் புடைத்த திசு வளர்ந்திருந்தது. காயம் ஆறியதன் அடையாளம் அது. ஆனால் ஒரு வேர்கூட இல்லை. துளிர் மட்டும் ஒரு விரல் நீளம் வளர்ந்து, வாடிச் செத்திருந்தது.

இந்த ஏழும் சொன்னது ஒன்றுதான். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைத்தோமே, அது தவறு. துளிருக்கான மொட்டு ஒவ்வொரு கணுவிலும் ஏற்கெனவே முழுதாக உருவாகிக் காத்திருக்கிறது. தண்டிலுள்ள மாவுச்சத்தும், வெட்டுவாய் வழியே ஏறும் கொஞ்சம் தண்ணீரும் கிடைத்தால் போதும், அது விரிந்துவிடும். வேரின் நிலை வேறு. தண்டில் வேருக்கென்று தயாராக ஒன்றும் இல்லை. பட்டைக்கு உட்புறமுள்ள உயிரணுக்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு, முதலிலிருந்து ஒரு வேர் முனையை உண்டாக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் துளிர் விரிந்து நீரை வெளியேற்றத் தொடங்கிவிட்டால், வருகிற நீரைவிடப் போகிற நீர் அதிகமாகிவிடும். அந்த ஏழு குச்சிகளும் சேமிப்பைச் செலவழித்துத்தான் துளிர்த்தன. வேருக்கென்று மிச்சம் இல்லை.

அந்தச் சேமிப்பும் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது? பூத்த கிளையிலிருந்து எடுத்ததால். பூ என்பது பெரிய செலவு. பூத்து முடிக்கும் கிளையில் வேருக்கான சத்தும் குறைவு, வேர்விடும் நாட்டமும் குறைவு. இரு நிறத்தை உறுதி செய்கிறோம் என்று நினைத்து, வேர்விட வாய்ப்பே குறைந்த கிளைகளைத் தேடித்தேடி எடுத்திருக்கிறோம்.

பிழைத்த இரண்டையும் விட்டுவிடவில்லை. இரண்டுமே பூக்காத, பென்சிலைவிடச் சற்றுப் பருத்த அடிக்கிளையிலிருந்து வந்தவை. இரண்டுமே தொட்டியின் நடுவில் இல்லாமல் விளிம்போரம் நடப்பட்டவை. மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் வெளியேறும், காற்று உள்ளே வரும். அதே மண், அதே தண்ணீர், அதே தூள். எடுத்த கிளையும், ஓரத்தில் இருந்ததால் கிடைத்த காற்றும் மட்டும் வேறு.

இரண்டாம் முயற்சி

செடியை முதலில் தயார் செய்தோம். பூ முடிந்த கிளைகளைக் கவாத்து செய்து, நன்றாகத் தண்ணீர் காட்டி, மூன்று வாரம் விட்டோம். பூக்கள் உதிர்வதற்கு முன்பே கிளைகளில் நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தேன்: இரு நிறமும் பூத்த கிளைக்கு வெள்ளை நூல், ரோஸ் மட்டும் பூத்த கிளைக்குச் சிவப்பு நூல். பூவைப் பார்த்துக் கிளையைக் குறித்துக்கொண்டு, அதே கிளையில் பூக்காத பகுதியைப் பின்னால் வெட்டுவது. முதல் முறை நாங்கள் கோட்டை விட்ட இடம் இதுதான்.

24 குச்சிகள் எடுத்தோம். 18 வெள்ளை நூல் கிளைகளிலிருந்து, 6 சிவப்பு நூல் கிளைகளிலிருந்து. சிவப்பு நூல் கிளைகள் கொழுகொழுவென்று இருந்தன. அவை நிறத்தில் என்ன செய்கின்றன என்று பார்க்கவே ஆறு எடுத்தேன்.

வெட்டியது விடியற்காலையில். அப்போது தண்டில் ஈரம் நிறைந்திருக்கும். வெட்டிய உடனே ஈரத்துணியில் சுற்றி நிழலுக்குக் கொண்டுவந்தோம். கத்தியைச் சாராயத் திரவத்தால் துடைத்துக்கொண்டோம். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே நேராகவும் வெட்டினோம். இதில் இரட்டை லாபம்: சாய்வு அடிப்பக்கம் என்றால் தலைகீழ் நடவுக்கு இடமே இல்லை. அப்புறம், அடியில் இருபுறமும் 2 செ.மீ. நீளத்துக்குப் பட்டையை மெல்லியதாகச் சீவினேன். தூள் உள்ளே படவும், வேர் வெளியே வரவும் வழி கிடைக்கும். நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரித்தோம். இலையே இல்லாவிட்டால் உணவு தயாரிப்பும் இல்லை, இலை நிறைய இருந்தால் தண்ணீர் போய்விடும். பாதி இலை இரண்டுக்கும் நடுவில்.

தூள் புதிதாக வாங்கினோம். கடையில் வேரூக்கி என்று கிடைப்பதில் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்ரிக் அமிலம், சுருக்கமாக ஐ.பி.ஏ. தாவரத்தின் இயற்கை ஆக்சினைப் போல வேலை செய்யும். ஆனால் அதைவிட மெதுவாகச் சிதையும். 1930களிலிருந்தே பதியன் போடுவோர் கையில் இருக்கிறது. முற்றிய குச்சிகளுக்கு 0.3 முதல் 0.8 சதவீதம் வரை கலந்த தூள் வழக்கம். நாங்கள் பயன்படுத்தியது 0.8. ஒரு சிட்டிகையைத் தாளில் தனியாகக் கொட்டி அதில் தொட வேண்டும், டப்பாவுக்குள்ளேயே ஈரக் குச்சியை விடக் கூடாது. ஈரம் பட்ட தூள் கெட்டியாகி வீரியம் இழக்கும். எங்கள் பழைய டப்பாவில் இருந்தது அப்படிக் கெட்டியான தூள்தான்.

நடவுக் கலவை: இரண்டு பங்கு சல்லடையில் நின்ற பெருமணல், ஒரு பங்கு கழுவிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு. எருவே சேர்க்கவில்லை. வேரில்லாத குச்சி எருவை எதால் உண்ணும்? அங்கே அது பூஞ்சைக்குத்தான் விருந்து. கண்ணாடி போன்ற நெகிழிக் கோப்பைகளில், அடியில் நாலைந்து துளையிட்டு, ஒன்றுக்கு ஒரு குச்சி. வெளியே கறுப்புத் தாள் சுற்றி வைத்தோம். வேருக்கு இருள் வேண்டும். ஆனால் தாளை விலக்கினால் வேர் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம், குச்சியை அசைத்துப் பார்க்கும் சபலமே வராது. முதல் முறை நாங்கள் எத்தனை தடவை லேசாக இழுத்துப் பார்த்தோம் என்று நினைத்தால் இப்போது மனம் வலிக்கிறது. அரும்பும் வேர் நுனி அப்படி இழுப்பதில் அறுந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, மேலே நெகிழித் தாள் போர்த்தி, வெளிச்சமுள்ள நிழலில் வைத்தோம். நேர் வெயில் பட்டால் அந்தக் கூடாரம் அடுப்பாகிவிடும். தினம் ஒருமுறை தாளைத் தூக்கிக் காற்றாட விட்டேன். தண்ணீர், கலவையைக் கிள்ளிப் பார்த்து ஈரம் குறைந்தால் மட்டும்.

இந்த முறை மூன்றாம் வாரத்தில் துளிர்த்தவை 9தான். தம்பி முகம் வாடியது. நான் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வாரம் 8 கோப்பைகளில் நெகிழியை ஒட்டி வெள்ளை நூல் போல வேர் தெரிந்தது. அவற்றில் 3 குச்சிகளில் அதுவரை துளிரே இல்லை! வேர் முதலில், துளிர் பிறகு. அப்படி வந்த மூன்றுமே இன்றுவரை எங்கள் செடிகளில் வலுவானவை. ஒன்பதாம் வாரம் கணக்கு 13 ஆனது.

விட்டுப்போன 11இல் 5இன் அடி கருகியிருந்தது. தூள் கட்டியாக ஒட்டியிருந்த பக்கம்தான் கருகல். அதிகமான ஆக்சின் திசுவைச் சுட்டுவிடும், ஒட்டிய தூளைத் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் நட வேண்டும். 3இல் கூடாரத்துப் பூஞ்சணம். மற்ற 3 பச்சையாகவே நின்றன, வேர் வரவே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. குச்சியைக் காயவிடாமல் நட வேண்டும் என்ற விதியை எல்லாச் செடிக்கும் கொண்டுபோகக் கூடாது. ஈழத்தலரிக்கு இது நேர்மாறு. அதன் தண்டு நீர் நிறைந்தது, பால் வடியும். வெட்டுவாய் உலர்ந்து ஆறும்வரை ஒரு வாரமாவது நிழலில் கிடத்தி வைத்துப் பிறகு நட்டால்தான் அழுகாமல் பிழைக்கும்.

விண்பதியம்

குச்சிகளை மட்டும் நம்பியிருக்க மனம் வரவில்லை. அதே வாரங்களில் செடியிலேயே 6 இடத்தில் விண்பதியம் போட்டோம். குச்சிக்குள்ள பெரிய ஆபத்து நீர் வரத்து நின்றுபோவது. பதியத்தில் கிளை தாயோடு ஒட்டியே இருக்கிறது. பட்டையை வளையமாக உரித்தாலும் உள்ளே கட்டை வழியாகத் தண்ணீர் மேலே போய்க்கொண்டே இருக்கும். இலைகள் செய்யும் சர்க்கரையும் ஆக்சினும் பட்டை வழியாகக் கீழே இறங்கி வந்து, உரித்த இடத்தின் மேல் விளிம்பில் தேங்கும். தேங்கிய இடத்தில் வேர்.

குரோட்டனிலும் ரப்பர் செடியிலும் இது சொன்னது போலவே நடக்கும். காகிதப்பூவில் ஒரு சிக்கல் உண்டு. அதன் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உணவு கடத்தும் திசு பட்டையில் மட்டும் இருக்காது. கட்டைக்குள்ளேயும் சிறுசிறு தீவுகளாகப் பதிந்திருக்கும். அந்தக் குடும்பத்துச் செடிகளின் தண்டு அப்படித்தான் பருக்கிறது. ஆகவே பட்டையை முழுதாக உரித்தாலும் கீழே இறங்கும் வழி முழுதாக அடைபடுவதில்லை. அதனால் காகிதப்பூப் பதியத்தில் வேரூக்கியை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செய்த விதம்: கட்டைவிரலைவிடச் சற்று மெல்லிய, வெள்ளை நூல் கட்டிய கிளைகள். கணுவுக்குக் கீழே 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்தோம். உள்ளே வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். அதைக் கத்தி முதுகால் சுரண்டி எடுத்தோம். அது மிச்சமிருந்தால் பட்டை மீண்டும் கூடி இணைந்துவிடும், வேர் வராது. மேல் விளிம்பில் தூள் தடவினோம். ஊறவைத்துப் பிழிந்த பாசியை ஒரு கைப்பிடி வைத்துச் சுற்றி, நெகிழித் தாளால் இறுக்கி, மேலும் கீழும் கட்டினோம். பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் போதும். அதற்கு மேல் வெள்ளித்தாள். வெயிலையும் வெளிச்சத்தையும் தடுக்க.

பத்தாம் வாரம் 4இல் வேர்கள் பாசியைத் துளைத்து நெகிழி வரை வந்துவிட்டன. ஒன்றில் பட்டை கூடியிருந்தது. சுரண்டியது போதவில்லை. ஆறாவதில் கீழ்க்கட்டுத் தளர்ந்து பாசி காய்ந்திருந்தது. வேர்விட்ட நான்கையும் வெட்டித் தொட்டியில் வைத்தபோது ஒரு பிழை செய்தோம். ஒன்றில் இலைகளைக் குறைக்காமல் விட்டோம், பார்க்க அழகாக இருக்கிறதே என்று. நான்கு வேர் அத்தனை இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. அது ஒரே வாரத்தில் போய்விட்டது. பாதி இலையைக் குறைத்த மற்ற 3 நின்றன.

தொட்டி மாற்றியது

வேர்விட்ட 13 குச்சிகளில் முதல் மூன்றை, வேர் கண்ணில் பட்ட அதே வாரம் பெரிய தொட்டிக்கு மாற்றினோம். கோப்பையைக் கவிழ்த்ததும் மணல் சரிந்தது. சரிந்த மணலோடு வேரும் உடைந்தது. காகிதப்பூவின் வேர் அவ்வளவு நொறுங்கும் தன்மை உள்ளது. வளர்ந்த செடியிலும் வேர்கள் பின்னி மண்ணைக் கட்டிப் பிடிப்பதில்லை. 2 செத்தன.

மீதி பத்தையும் மேலும் ஐந்து வாரம் கோப்பையிலேயே விட்டோம். வேர் கிளைத்துக் கோப்பைச் சுவரெங்கும் பரவிய பிறகு, முதல் நாள் தண்ணீர் விட்டு ஈரமாக்கி, கோப்பையைக் கத்தரியால் இருபுறமும் கீறி, தாமரை போல விரித்து, கலவை கலையாமல் அப்படியே தொட்டிக் குழியில் இறக்கினோம். ஒன்றுகூடச் சாகவில்லை. அதற்கு முன் பத்து நாள், நெகிழிக் கூடாரத்தைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அதிக நேரம் திறந்துவைத்துப் பழக்கியிருந்தோம். ஈரக்காற்றில் விரிந்த இலை வறண்ட காற்றை ஒரே நாளில் தாங்காது.

தாய்ச்செடி

சுவர் வேலை தொடங்கும் முன் தாய்ச்செடியையும் பெயர்த்து நடப் பார்த்தோம். கிளைகளை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து, சுற்றித் தோண்டினோம். அடித்தளத்துக்குள் போன வேர்களை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கையில் வந்தது அடிக்கட்டையும் நான்கு தடித்த வேர்த் துண்டுகளும். உறிஞ்சும் சிறுவேர் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை.

மூன்று வாரத்தில் அந்தக் கட்டை முழுக்கத் துளிர்த்தது. அப்படியொரு பசுமை. தம்பி கூப்பிட்டுக் காட்டினான். பார்த்துவிட்டு இருவருமே பேசவில்லை. முன்பு செத்த அந்த ஏழு குச்சிகள் இருவர் நினைவுக்கும் வந்திருக்க வேண்டும். நிழல்வலை கட்டினோம், துளிரில் பாதியைக் கிள்ளினோம், தண்ணீரை அளந்து விட்டோம். இரண்டரை மாதத்தில் அது முழுக்கக் காய்ந்தது. அப்பா வைத்த செடி அது. பத்துச் செடிக்கு மேல் கையில் இருந்தும் அன்றைக்கு அழுதேன்.

நிறம்

எங்களிடம் நின்றவை 16: முதல் முயற்சியில் 2, இரண்டாவதில் 11, பதியத்தில் 3. ஓராண்டுக்குள் 14 பூத்தன.

சிவப்பு நூல் கிளைகளிலிருந்து பிழைத்த 3 செடியும் ரோஸ் மட்டுமே பூத்தன. வெள்ளை நூலிலிருந்து வந்த 8 குச்சிச் செடிகளில் 6 இரு நிறம், 1 வெள்ளை மட்டும், 1 இன்னும் பூக்கவில்லை. பதியத்தில் 2 இரு நிறம், 1 வெள்ளை. முதல் முயற்சியின் இரண்டில் ஒன்று இரு நிறம், மற்றது பூக்கவில்லை.

ஏன் இப்படி என்பதற்கு விடை கிளை நுனியில் இருக்கிறது. வளரும் நுனியில் உயிரணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். இந்த மாதிரிச் செடிகளில் எல்லா அடுக்கும் மரபில் ஒன்றல்ல. நிறத்தை உண்டாக்குவதும் உண்டாக்காததும் கலந்திருக்கும். அடுக்குகள் ஒழுங்கு குலையாமல் வளரும் கிளையில் கலப்பு நீடிக்கும். ஒரு வகை மற்றதை ஓரம் தள்ளிவிட்டால் அந்தக் கிளை ஒரே நிறமாகிவிடும், அதிலிருந்து எடுத்த குச்சியும் அப்படியே. இரு நிறக் காகிதப்பூக்களில் பரவலாக வளர்க்கப்படும் மேரி பால்மர் என்ற வகையும் ஒரு செடியின் ஒற்றைக் கிளையில் திடீரென்று தோன்றிய மாற்றம்தான். மஞ்சள் விளிம்புள்ள மருள் என்ற செடியின் இலைத் துண்டை நட்டால் விளிம்பில்லாத பச்சைச் செடி முளைப்பதும் இதே காரணத்தால். அங்கே புதுச்செடி ஒரே திசுவிலிருந்து கிளம்புகிறது, அடுக்குக் கலப்பு அதோடு வருவதில்லை.

ஆகவே இரு நிறச் செடி வைத்திருப்பவர்கள், ரோஸ் மட்டும் பூக்கும் கிளையைக் கண்டவுடன் அடியோடு வெட்டிவிடுங்கள். அது மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் செடி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் தாய்ச்செடியிலேயே கிழக்குப் பக்கம் முழுக்க அப்படித்தான் ஆகியிருந்தது. அப்பா இருந்தபோது அந்தக் கிளைகளை ஏன் விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தார் என்று இப்போதுதான் புரிகிறது.

வெள்ளை மட்டும் பூத்த இரண்டையும் தம்பி எடுத்துக்கொண்டான். இரு நிறத்தில் நன்றாக வேர்பிடித்த ஒன்றைப் புதுச் சுவரின் பக்கம் நட்டோம். இந்த முறை சுவரிலிருந்து நான்கடி தள்ளி, தனிக் கம்பிப் பந்தலில் ஏற்றி.